தலைநகரில் எத்தனை பேர்? ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயின் சனத்தொகையும் நிர்வாகத் தகுதியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கையின் தலைநகரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கு, 2012 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பை மட்டும் வைத்துக்கொண்டே மூன்று விடைகள் சொல்லலாம். ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயை எடுத்தால் 107,925 பேர். கொழும்பு மாநகரத்துக்குள் அடங்கும் கொழும்பு, திம்பிரிகஸ்யாய ஆகிய இரு பிரதேச செயலகப் பிரிவுகளையும் சேர்த்தால் 561,314 பேர். கொழும்பு மாவட்டம் முழுவதையும் எடுத்தால் 23 இலட்சத்துக்கும் மேல். மூன்றும் ஒரே திணைக்களம், ஒரே ஆண்டில் எண்ணிய எண்கள்; மூன்றுமே சரியானவை. ஆனால் பொது அறிவு நூல்களிலும் பத்திரிகைக் கட்டுரைகளிலும் பாடசாலைக் குறிப்புகளிலும் இவற்றில் ஒன்று, எந்த எல்லைக்கு உரியது என்ற குறிப்பே இல்லாமல் "தலைநகரின் சனத்தொகை" என்று எழுதப்பட்டுவிடுகிறது. கோட்டேயை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதன் காரணம் இதுதான். நாட்டின் சட்டமன்றத் தலைநகர் என்ற மிக உயர்ந்த தகுதியும், கொழும்பு மாவட்டத்துக்குள்ளேயே நடுத்தரமான சனத்தொகையும், 17 சதுர கிலோமீற்றர் என்ற சிறு பரப்பும் ஒரே ஊரில் சேர்ந்திருக்கும்போது, எண்ணும் தகுதியும் எந்த இடத்தில் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன என்பதை இங்கே தெளிவாகக் காணலாம்.

இது வெறும் புள்ளிவிபர நுணுக்கம் என்று நான் கருதவில்லை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வாடகையும் வீட்டு விலையும் ஏற ஏற, தமிழ்க் குடும்பங்கள் தெஹிவளைக்கும், அங்கிருந்து நுகேகொடை, நாவல, இராஜகிரிய பக்கங்களுக்கும் நகர்கின்றன. அவர்களில் பலர் தாம் இன்னும் கொழும்பில்தான் இருப்பதாகச் சொல்வார்கள். பேச்சு வழக்கில் அது சரியே. ஆனால் வரி செலுத்துவதும், வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கேட்பதும், வாக்களிப்பதும், தமிழில் கடிதம் எழுதிப் பதில் எதிர்பார்ப்பதும் வேறொரு சபையிடமும் வேறொரு செயலகத்திடமும் ஆகிவிடுகிறது.

கோட்டே என்பது எந்தப் பரப்பு

கோட்டே என்ற பெயரில் இன்று குறைந்தது நான்கு எல்லைகள் இருக்கின்றன. முதலாவது மாநகர சபை எல்லை. மேற்கே கொழும்பு மாநகரம், வடக்கே கொலன்னாவை, கிழக்கே கடுவெல, தெற்கே மஹரகம ஆகியவற்றுக்கு நடுவே, எத்துல் கோட்டே, பிட்ட கோட்டே, இராஜகிரிய, நாவல, மிரிஹான, நுகேகொடையின் நகர்ப் பகுதி ஆகியவற்றைக் கொண்டது அது. இரண்டாவது, மாவட்டச் செயலாளருக்குக் கீழே இயங்கும் பிரதேச செயலகப் பிரிவு. இது மத்திய அரசின் நிர்வாக அலகு. கிராம உத்தியோகத்தரும் தொகைமதிப்பும் இதன் வழியாகவே வருகிறார்கள். மூன்றாவது, கோட்டே என்ற பெயர் கொண்ட தேர்தல் தொகுதி. விகிதாசார முறை வந்த பிறகு பாராளுமன்றத் தேர்தலில் அதற்கு முன்னிருந்த எடை இல்லை. ஆனாலும் முடிவுகள் இன்றும் அந்த எல்லைப்படியே அறிவிக்கப்படுகின்றன. நான்காவது, மக்களின் மனத்திலும் அரச ஆவணங்களின் முகவரியிலும் வாழும் "தலைநகரம்". இதற்குத் தெளிவான கோடு கிடையாது. தியவன்னா ஓயாவின் நடுவே நிற்கும் பாராளுமன்றம், அதன் கரையோரப் பூங்காக்கள், பத்தரமுல்லையின் அமைச்சுக் கட்டடங்கள் என்று அது விரிந்துகொண்டே போகிறது.

மாநகர சபை எல்லையும் பிரதேச செயலக எல்லையும் கோட்டேயில் பெரும்பாலும் ஒத்துப்போவதால், 107,925 என்ற எண்ணை இரண்டுக்கும் எடுத்தாள்கிறார்கள். இந்த வசதி எல்லா ஊர்களுக்கும் கிடைப்பதில்லை. கொழும்பு மாநகரம் ஒரே சபையாக இருந்தும் இரண்டு செயலகப் பிரிவுகளாகக் கிடக்கிறது. தெஹிவளை – கல்கிசை மாநகரமும் தெஹிவளை, இரத்மலானை என்று இரண்டு பிரிவுகளாக எண்ணப்படுகிறது. "தெஹிவளையின் சனத்தொகை 88,669" என்று எங்கேனும் படித்தால் அது 2012 இல் செயலகப் பிரிவின் எண். மாநகரத்தின் எண் ஏறத்தாழ அதன் இரண்டு மடங்கு. எண்ணைப் படிப்பவர் எல்லையைக் கேட்காவிட்டால், ஒரு நகரத்தின் பாதி மக்கள் காணாமல் போய்விடுவார்கள்.

தகுதி வந்த வழி

பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் படைகளைத் தடுப்பதற்காக நிசங்க அழகக்கோனார் சதுப்பு நிலங்களுக்கு நடுவே எழுப்பிய கோட்டையே இந்த ஊரின் தொடக்கம். ஆறாம் பராக்கிரமபாகு இதைத் தலைநகராக்கினான். அவனது வளர்ப்பு மகன் செண்பகப் பெருமாள் யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூரைப் பிடிக்கப் புறப்பட்டதும் இந்த அரசிலிருந்துதான். 1565 இல் போர்த்துக்கேயர் மன்னன் தர்மபாலனைக் கொழும்புக்குக் கொண்டு சென்றதோடு கோட்டே கைவிடப்பட்டது. அதன் பிறகு நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆட்சியின் இருப்பிடம் கொழும்பு. 1865 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகர சபைகளைத் தந்தபோது, கோட்டே அதன் அருகே கிடந்த ஊர்ப்புறம்.

திருப்பம் 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு வந்தது. 1979 யூலை 4 ஆம் திகதி, தியவன்னா ஓயாவின் துவ என்ற சிறு தீவில் புதிய பாராளுமன்றத்தைக் கட்டுவதற்குப் பிரதமர் ரணசிங்க பிரேமதாச சபையின் அனுமதியைப் பெற்றார். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் வடிவமைப்பில், சதுப்பைத் தூர்வாரி ஏரியாக்கி எழுப்பிய அந்தக் கட்டடம் 1982 ஏப்ரல் 29 ஆம் திகதி திறக்கப்பட்டது. காலிமுகத்திடலில் 1930 முதல் சட்டசபை கூடிய பழைய கட்டடம் பின்னர் ஜனாதிபதி செயலகமாயிற்று.

இங்கே ஒரு செய்தியைப் பெரும்பாலான குறிப்புகள் தவறவிடுகின்றன. தலைநகர் என்ற தகுதி 1982 இல் நடைமுறைக்கு வந்தபோது, கோட்டே மாநகரமாக இருக்கவில்லை. நகர சபையாகவே இருந்தது. மாநகர சபையாக உயர்த்தப்பட்டது 1997 இல். அதாவது பதினைந்து ஆண்டுகள், நாட்டின் சட்டமன்றத் தலைநகரை ஆண்டது, மாவட்டத்தின் சாதாரண நகர்களை ஆண்ட அதே வகைச் சபைதான். 1981 தொகைமதிப்பில் அந்த ஊரின் சனத்தொகை ஏறத்தாழ 1,01,000. இலட்சத்தைக் கடந்த நகர் நகர சபையாகவே இருந்தது. அதே காலத்தில், மலைநாட்டில் அதைவிடப் பல மடங்கு சிறிய நுவரெலியா மாநகர சபையாக இருந்தது. எனவே சனத்தொகை போதாமையால் கோட்டே காத்திருந்தது என்று சொல்வதற்கு இடமில்லை. அரசியல் தீர்மானம் ஒரு தகுதியை விரைவாகத் தந்தது. உள்ளூராட்சி நிர்வாகம் மற்றத் தகுதியைத் தன் போக்கில், பதினைந்து ஆண்டுகள் பிந்தித் தந்தது.

தகுதிக்கு எண் அளவுகோல் அல்ல

இலங்கையில் உள்ளூராட்சிச் சபைகள் மூன்று வகை. மாநகர சபைகள் 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழும், நகர சபைகள் 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழும், பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் இயங்குகின்றன. ஒரு பரப்பு எந்த வகைக்குள் வர வேண்டும் என்பது அமைச்சரின் கட்டளையாக வர்த்தமானியில் வெளிவருகிறது. அபிவிருத்தி, வசதிகள், நகரத் தன்மை ஆகியவை கருத்தில் கொள்ளப்படுகின்றன. ஆனால் இத்தனை ஆயிரம் பேர் சேர்ந்தால் தானாகவே மாநகரம் என்ற வாசல்படி இல்லை.

இதன் விளைவை அறிய கொழும்பு மாவட்டத்தை விட்டு வெளியே போகத் தேவையில்லை. 2012 இல் மஹரகம செயலகப் பிரிவில் 196,423 பேர் வாழ்ந்தார்கள். மஹரகம இன்றும் நகர சபைதான். ஹோமாகமயில் 237,905 பேர். அது பிரதேச சபை. இவ்விரண்டுக்கும் மேலாக "மாநகரம்" என்ற பெயரோடு நிற்கும் கோட்டேயின் மக்கள் தொகை ஹோமாகமயின் பாதியைவிடக் குறைவு. நுவரெலியா மாநகரத்தில் முப்பதாயிரம் பேர்கூட இல்லை. பெயரைக் கேட்டு அளவை ஊகிப்பவர் ஒவ்வொரு முறையும் ஏமாறுவார்.

இந்தப் பெயர் வேறுபாடு தொகைமதிப்புக்குள்ளும் நுழைந்துவிடுகிறது என்பதுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் கவலை தருவது. இலங்கையில் ஓர் இடம் நகரமா கிராமமா என்பதைத் தொகைமதிப்பு, அங்குள்ள வீடுகளின் நெருக்கத்தையோ மக்கள் செய்யும் தொழிலையோ பார்த்து முடிவுசெய்வதில்லை. மாநகர சபைக்கும் நகர சபைக்கும் உட்பட்டது நகரம், இருபது ஏக்கருக்கு மேற்பட்டதும் குறிப்பிட்ட அளவு தொழிலாளர் வாழ்வதுமான பெருந்தோட்டங்கள் தோட்டத் துறை, மிச்சமெல்லாம் கிராமம். முன்பு பட்டின சபைகள் என்ற வகையும் நகரமாகவே எண்ணப்பட்டது. 1987 ஆம் ஆண்டுச் சட்டம் பட்டின சபைகளையும் கிராம சபைகளையும் கலைத்துப் பிரதேச சபைகளில் சேர்த்தபோது, அந்தப் பட்டினங்கள் எல்லாம் ஒரே நாளில் கணக்கில் கிராமமாகின. 1981 இல் 21.5 சதவீதமாக இருந்த நகரச் சனத்தொகை 2012 இல் 18.2 சதவீதமாகக் காணப்பட்டது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் கொழும்பைச் சுற்றி வயல்கள் வீட்டுத் தொகுதிகளாக மாறியதைக் கண்ணால் கண்ட தலைமுறைக்கு, நகரம் சுருங்கிவிட்டது என்று அரச ஏடு சொல்கிறது.

பத்தரமுல்லை என்னும் சான்று

கோட்டேயின் நிகழ்வை முழுமையாக விளக்குவது கோட்டேக்கு வெளியே, ஏரியின் மறுகரையில் இருக்கும் பத்தரமுல்லை. தலைநகர் இடம் மாறியபோது அமைச்சுகளையும் திணைக்களங்களையும் அங்கே கொண்டு செல்வதே நோக்கமாக இருந்தது. அரச அலுவலகத் தொகுதியான செத்சிறிபாய, கல்வி அமைச்சின் இசுறுபாய ஆகியவை அங்கேதான் எழுந்தன. இன்று கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வருபவர்கள் தேடிச் செல்லும் சுஹுறுபாயவும் அங்கேயே இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சின் தலைமையகமான அக்குரேகொடையும் அந்தப் பக்கம்தான். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் தலைமையகமும் இன்று பத்தரமுல்லையில், பொல்துவ வீதியில் இருக்கிறது.

ஆனால் பத்தரமுல்லை கோட்டே மாநகர சபைக்கு உட்பட்டதன்று. அது கடுவெலக்கு உரியது. கடுவெல 2011 வரை பிரதேச சபை. ஆகவே 2001 தொகைமதிப்பின் வகைப்பாட்டின்படி, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த, அரசின் நிர்வாகச் செயலகங்களைத் தாங்கி நின்ற அந்தப் பரப்பு கிராமம். 2011 இல் கடுவெல நகர சபை என்ற படியைத் தாண்டி நேரே மாநகர சபையானது. அடுத்த ஆண்டுத் தொகைமதிப்பில் அதன் 252,041 பேரும் நகரவாசிகள். அந்த ஓராண்டுக்குள் அங்கே ஒரு தெருவும் மாறியிருக்கத் தேவையில்லை. வர்த்தமானி மாறியது, அவ்வளவே. 2001 க்கும் 2012 க்கும் இடையே கொழும்பு மாவட்டத்தின் நகரமயமாக்கம் எவ்வளவு வளர்ந்தது என்று ஆராயும் மாணவர் எவரும், இந்த இரண்டரை இலட்சத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

இதிலிருந்து பிறக்கும் நிலைமை வினோதமானது. தலைநகர் என்ற பெயர் கோட்டேயிடம் இருக்கிறது; தலைநகரின் அலுவலகங்களில் பெரும் பகுதி கடுவெலவிடம் இருக்கிறது; உயர் நீதிமன்றம் புதுக்கடையிலும், ஜனாதிபதி செயலகம் காலிமுகத்திடலிலும், மத்திய வங்கி கொழும்பு கோட்டையிலும் என, எஞ்சியவை கொழும்பு மாநகரத்திடமே இருக்கின்றன. மூன்று மாநகர சபைகள், மூன்று மேயர்கள், மூன்று வரவுசெலவுத் திட்டங்கள். காலையில் நாவல வீதியிலோ பாராளுமன்ற வீதியிலோ நிற்கும் வாகன நெரிசலை எடுத்துக்கொண்டால், அது இந்த மூன்று எல்லைகளையும் கடந்து செல்லும் ஒரே வரிசை. அதைத் தீர்க்கும் பொறுப்போ மாகாணம், வீதி அபிவிருத்தி அதிகார சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை, சபைகள் என்று சிதறிக் கிடக்கிறது. 2015 இல் அமைக்கப்பட்ட மாநகர, மேல் மாகாண அபிவிருத்தி அமைச்சு மேல் மாகாணம் முழுவதையும் ஒரே பெருநகரமாகத் திட்டமிட்டது. எனினும் அந்தப் பரப்புக்கென மக்களால் தெரிவுசெய்யப்பட்ட சபை எதுவும் உருவாகவில்லை.

குறைந்த எண்ணும் கூடிய கூட்டமும்

கோட்டேயின் சனத்தொகை 1981 இல் ஏறத்தாழ 1,01,000. 2001 இல் ஏறத்தாழ 1,16,000. 2012 இல் 107,925. இருபது ஆண்டுகளில் பதினையாயிரம் கூடி, அடுத்த பதினொரு ஆண்டுகளில் எட்டாயிரம் அளவில் குறைந்திருக்கிறது. கொழும்பு மாநகரமும் இதே காலத்தில் 6 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேலிருந்து 561,314 ஆக இறங்கியது. இடையில் 1991 இல் போரின் காரணமாகத் தொகைமதிப்பு நடைபெறவில்லை என்பதையும், 2001 தொகைமதிப்பு 18 மாவட்டங்களிலேயே முழுமையாக நடந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கொழும்பு மாவட்டம் அந்த 18 இல் அடங்கியதால், இந்த ஊர்களை ஒப்பிடுவதற்குத் தடையில்லை.

சனத்தொகை குறைந்தது என்பதால் ஊர் தேய்ந்தது என்று பொருள் கொள்வது பெரும் பிழை. தொகைமதிப்பு ஒருவரை அவர் வாழும் இடத்தில் எண்ணுகிறது; வேலை செய்யும் இடத்திலோ படிக்கும் இடத்திலோ எண்ணுவதில்லை. நாவலவில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. நுகேகொடையில் புகையிரத நிலையமும் சந்தையும் தனியார் வகுப்புகளும் இருக்கின்றன. இராஜகிரியவில் தேர்தல்கள் ஆணைக்குழு முதல் தனியார் நிறுவனங்கள் வரை எத்தனையோ அலுவலகங்கள். இவற்றுக்கு நாள்தோறும் வருபவர்கள் கம்பஹாவிலும் ஹோமாகமயிலும் பாணந்துறையிலும் எண்ணப்படுகிறார்கள். பிரதான வீதிகளை ஒட்டிய வீடுகள் கடைகளாகவும் அலுவலகங்களாகவும் மாறும்போது, அங்கே வாழ்ந்தவர் தொகை குறைந்து, அங்கே நடமாடுபவர் தொகை கூடுகிறது. குப்பையை அகற்றுவது, வடிகாலைச் சுத்தம் செய்வது, பொதுக் கழிப்பிடம் கட்டுவது, வாகனத் தரிப்பிடம் ஒதுக்குவது ஆகியவற்றின் சுமை நடமாடுபவரைப் பொறுத்தது. வாழ்பவர் எண்ணை மட்டும் வைத்துச் சபையின் தேவையை அளப்பது அதனாலேயே போதாது.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 17 சதுர கிலோமீற்றரில் 107,925 பேர் என்றால் சதுர கிலோமீற்றருக்குச் சுமார் 6,350 பேர். கொழும்பு மாநகரத்தில் அது சுமார் 15,000. ஆகவே கோட்டேயில் இன்னும் இடம் மீதமிருக்கிறது என்று கட்டட வணிகர் சொல்லக்கூடும். ஆனால் அந்தப் 17 இல் ஒரு பகுதி சதுப்பு நிலமும் நீர்நிலையும். பெத்தகான ஈரநிலம் அதில் ஒன்று. 1992 யூன் 4 ஆம் திகதி கொழும்பில் ஒரு நாளுக்குள் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியபோது, தியவன்னா ஓயா பெருகிப் பாராளுமன்றத்தைச் சூழ்ந்தது. மழைநீரைத் தாங்கி வைப்பதற்கு இந்தச் சதுப்புகள் தேவை என்பதை அந்த நாள் காட்டியது. 2018 இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சார் சமவாயத்தின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டதற்கும் கோட்டே வரை பரந்திருக்கும் இந்த ஈரநிலத் தொகுதியே அடிப்படை. சதுப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மக்கள் வாழும் நிலத்தில் கோட்டேயின் நெருக்கம் 6,350 ஐவிடக் கணிசமாகக் கூடியது. எனவே சராசரியைக் காட்டி இன்னும் கட்டலாம் என்பவர்களின் வாதத்தை நான் ஏற்கவில்லை.

தமிழ் பேசுவோருக்கு எந்த எண் முக்கியம்

அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை, 1988 ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்துக்குப் பின் உள்ளபடி, வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழையும் ஏனைய மாகாணங்களில் சிங்களத்தையும் நிர்வாக மொழியாக வைக்கிறது. அதே உறுப்புரை, ஓர் உதவி அரசாங்க அதிபர் பிரிவில், அதாவது இன்றைய பிரதேச செயலகப் பிரிவில், மொழிச் சிறுபான்மையினர் மொத்தச் சனத்தொகையில் எவ்வளவு விகிதம் என்பதைக் கருத்திற்கொண்டு, அங்கே இரு மொழிகளிலும் நிர்வாகம் நடக்க வேண்டும் என்று பணிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்குத் தருகிறது. இந்த ஏற்பாட்டின் அலகு மாவட்டமும் அன்று, மாநகரமும் அன்று. பிரதேச செயலகப் பிரிவு. கொழும்பு மாவட்டத்தில் எத்தனை தமிழர் என்ற எண் மேடைப் பேச்சுக்கு உதவும். ஆனால் இந்த உறுப்புரையின் கீழ் எடை உள்ளது ஒவ்வொரு பிரிவின் விகிதமே.

திம்பிரிகஸ்யாய பிரிவுக்குள் அடங்கும் வெள்ளவத்தையில் செறிந்து வாழ்ந்த குடும்பங்கள் தெஹிவளை, கோட்டே, மஹரகம, கடுவெல என்று பல பிரிவுகளுக்குள் பிரிந்து செல்லும்போது, மாவட்டத்தின் மொத்த எண் மாறாது. ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் விகிதம் சிறிதாகிறது. கோட்டே போன்ற ஒரு பிரிவில் சில ஆயிரம் பேர் சேர்ந்தாலே விகிதம் அசையும். கடுவெல போன்ற பெரிய பிரிவில் அதே சில ஆயிரம் பேர் கரைந்துவிடுவார்கள். சிறு பிரிவின் எண்ணுக்கு இப்படியொரு தனி மதிப்பு உண்டு. இருமொழி நிர்வாகம் அறிவிக்கப்படாத பிரிவிலும்கூட, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியில் ஒருவர் தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அதே உறுப்புரை உரிமை தருகிறது. அந்த உரிமை விகிதத்தைப் பார்ப்பதில்லை. நாவலவில் புதிதாகக் குடியேறிய ஒரு முதியவர் செயலகத்துக்குத் தமிழில் கடிதம் எழுதினால், அது சலுகை கேட்பதாகாது. சட்டம் தந்த இடத்தில் நின்று பேசுவதாகும்.

போர்க் காலத்தில் கொழும்பில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பதிவு என்ற சொல்லே அச்சத்தோடு ஒட்டியிருந்தது. விடுதி அறைகளிலும் வாடகை வீடுகளிலும் பொலிஸ் பதிவைத் தேடி வந்த இரவுகளை மறந்தவர் குறைவு. அந்த நினைவு இன்னும் சில வீடுகளில், தொகைமதிப்புக்கு வரும் உத்தியோகத்தரிடம் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் உறவினரைச் சொல்லாமல் விடும் பழக்கமாக நீடிக்கிறது. தொகைமதிப்பில் தரப்படும் தனிநபர் விபரங்கள் சட்டத்தால் இரகசியமாகக் காக்கப்படுபவை. வெளிவருவது கூட்டு எண் மட்டுமே. சொல்லாமல் விடப்பட்டவரின் இழப்பு, அவர் வாழும் பிரிவின் விகிதத்தில்தான் விழுகிறது.

சபை இருந்தும் உறுப்பினர் இல்லாத காலம்

நிர்வாகத் தகுதி என்பது பெயர்ப் பலகையோடு முடிவதில்லை. அந்தத் தகுதியை நடத்துபவர் யார் என்பதும் அதில் அடங்கும். 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதே மாதம் நடக்க வேண்டிய தேர்தல், நிதி இல்லை என்ற காரணத்தால் நடைபெறவில்லை. அதன் பின் ஈராண்டுகளுக்கு மேலாக நாட்டின் மாநகர சபைகளை ஆணையாளர்களும், நகர சபைகளையும் பிரதேச சபைகளையும் செயலாளர்களும் நிர்வகித்தார்கள். சட்டமன்றத் தலைநகரும் அதற்கு விலக்கன்று: பாராளுமன்றம் கூடும் ஊரின் மக்களுக்குத் தம் சொந்தச் சபையில் ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை. அந்தத் தேர்தலை நடத்தத் தவறியது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் திகதி 28 மாநகர சபைகள், 36 நகர சபைகள், 275 பிரதேச சபைகள் என 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. வவுனியாவும் திருகோணமலையும் மாநகர சபைகளாக முதன்முறை வாக்களித்தது அந்தத் தேர்தலில்தான்.

என் மதிப்பீடு

கோட்டேயையும் கடுவெலவையும் கொழும்போடு இணைத்து ஒரே பெருமாநகரமாக்க வேண்டும் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சபை பெரிதாகப் பெரிதாக, ஒரு வட்டாரத்தின் அடைபட்ட வடிகாலைச் சொல்லப் போகும் குடிமகனுக்கும் முடிவெடுப்பவருக்கும் இடையே தூரம் கூடுகிறது. மலையகம் இந்த இணைப்பு யோசனைக்கு நேரெதிரான பாடத்தைப் பெற்றிருக்கிறது: இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டிருந்த அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் மும்மூன்றாகப் பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகள் 2018 தேர்தலைச் சந்தித்தன. அதற்காக அங்குள்ள மக்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். கொழும்பைச் சுற்றி மட்டும் எதிர்த் திசையில் போவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. போக்குவரத்து, வெள்ள வடிகால், கழிவகற்றல் போன்ற, எல்லைகளைக் கடந்த வேலைகளுக்குச் சபைகள் கூடிப் பேசும் நிரந்தர ஏற்பாடு வேண்டும். அதற்குச் சபைகளைக் கலைக்க வேண்டியதில்லை.

மாற வேண்டியது தொகைமதிப்பின் வகைப்பாடு. நகரம் எது என்பதைச் சபையின் வகையிலிருந்து பிரித்து, சனத்தொகை நெருக்கம், தொழில், வசதிகள் ஆகியவற்றை வைத்துக் கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்தில் வரையறுக்க வேண்டும். அந்த மட்டத்திலேயே தரவு ஏற்கனவே திரட்டப்படுகிறது. நாடெங்கும் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட இந்தச் சிறு அலகுகள், சபைகளின் தகுதி மாறும்போதெல்லாம் மாறுவதில்லை. அவற்றை அடுக்கினால் கோட்டே, பத்தரமுல்லை, நுகேகொடை எல்லாம் சேர்ந்த உண்மையான தலைநகரப் பரப்பின் எண்ணையும் பெறலாம். மாநகர சபையின் எண்ணையும் பெறலாம். இரண்டையும் குழப்ப வேண்டிய தேவை இருக்காது.

2024 தொகைமதிப்பின் முதற்கட்ட முடிவு நாட்டின் சனத்தொகையை 2 கோடியே 17 இலட்சத்து 63 ஆயிரம் அளவில் காட்டியது. மாவட்டங்களில் முதலிடம் கொழும்பிடமிருந்து கம்பஹாவுக்குச் சென்றது. கோட்டேயின் புதிய எண்ணை 2012 இன் 107,925 உடன் ஒப்பிடும் ஆசிரியரும் பத்திரிகையாளரும் முதலில் செய்ய வேண்டியது, இரண்டு எண்களும் செயலகப் பிரிவுக்கு உரியவையா, மாநகர சபைக்கு உரியவையா என்று அட்டவணையின் தலைப்பைப் பார்ப்பது. அடுத்ததாக, கடுவெல, மஹரகம, ஹோமாகம பிரிவுகளின் எண்களையும் அதே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோட்டேயிலிருந்து வெளியேறியவர்கள் நாட்டைவிட்டுப் போனார்களா, அடுத்த சந்திக்குப் போனார்களா என்று ஊகிப்பதற்கு அந்த வரிசை ஓரளவு இடம் தரும்.